தோள் கொடுத்த பாட்டு

கவரப்பேட்டைக்கு மேற்கே உள்ள அந்தக் காலனிக் கிறிஸ்தவச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. மற்ற ஊர்களில் உண்டா என்று கேட்டால், தானியேலுக்குத் தெரிந்து இல்லை. ஆராதனை நடத்தும் உபதேசியார் யேசுபாதம் ஆர்மோனியப் பெட்டியில் ஊருக்குத் தெரியாத ராகம் ஒன்றை எடுத்துவிட்டால் போதும், சபை வாயைத் திறக்காது. எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பார்கள். உபதேசியாரின் குரல் மட்டும் தனியாகப் போய்க் கூரையில் முட்டிக்கொண்டு திரும்பும். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தானியேலின் தாய் ரோசம்மாள், அதே பாட்டை எல்லோருக்கும் தெரிந்த பழைய ராகத்தில் ஓங்கி எடுப்பாள். சபை மொத்தமும் அவள் பின்னால் போய்விடும். யேசுபாதம் கொஞ்சம் தடுமாறிவிட்டு விரலைப் பழைய கட்டைகளுக்கு மாற்றிக்கொள்வார்.

இதற்குத் 'தோள் கொடுக்கிறது' என்று பெயர். நெல் மூட்டை சுமந்து வருகிறவன் வரப்பில் தள்ளாடினால் பக்கத்தில் போகிறவன் தோள் கொடுப்பானே, அந்தக் கணக்குதான். ரோசம்மாளும் பெருமைக்காகச் செய்யவில்லை. "பாவம் மனுசன், ஒண்டியா நின்னு கத்திக்கினு கீறாரு, சும்மா உட்டுட முடியுமா?" என்பாள். யேசுபாதமும் வருஷத்துக்கு நாலைந்து முறை பட்டணத்துக் கூட்டங்களுக்குப் போய்ப் புதுசு புதுசாக ராகம் கற்றுக்கொண்டு வருவார். வந்ததும் எடுப்பார். ரோசம்மாள் தோள் கொடுப்பாள். அவர் மனசில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

தானியேலுக்குத் தாயின் தொண்டை அப்படியே வந்திருந்தது. படிப்பு வரவில்லை. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு நாற்று, களை, அறுப்பு என்று அம்மாவோடு கழனிக்குப் போய்க்கொண்டிருந்தான். அறுபத்தெட்டாம் வருஷம், அவனுக்குப் பதினெட்டு இருக்கும், சோழவரத்தில் மோட்டார் ரேஸ் நடத்துகிறவர்கள் வைக்கோல் கட்டு அடுக்க ஆள் கேட்டார்கள். யுத்த காலத்து விமானத் திடலில்தான் ரேஸ். வளைவில் வண்டி தடம் மாறினால் மோதுவதற்கு வைக்கோல் வேண்டும். மாட்டுக்குப் போட வேண்டிய வைக்கோலைக் காருக்குப் போடுகிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டுதான் தானியேல் போனான்.

காரெல்லாம் அவன் மனசில் நிற்கவில்லை. புழுதியும் சத்தமும், அவ்வளவுதான். ரேஸ் முடிந்து சாயங்காலம், இரண்டு லாரிகளைப் பின்னுக்குப் பின் நிறுத்தி அதன்மேல் ஐந்து பையன்கள் ஏறினார்கள். பெரம்பூர் ரயில்வே காலனிச் சட்டைக்காரப் பையன்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள். ஷண்டர்ஸ் என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேரின் அப்பாக்களுக்கு ரயில் யார்டில் வண்டி கோக்கிற ஷண்டர் வேலை. நடுவில் நின்று பாடியவன் பேர் நெவில். ஒல்லியாக, காது மறைய முடி வளர்த்து, யாரோ பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தான். ஜெனரேட்டர் உறுமியது. டிரம்ஸ்காரன் ஒரு அடி அடித்தான். அந்த அடி தானியேலின் காதில் விழவில்லை, அடிவயிற்றில் விழுந்தது.

அவனுக்கு அது பிடித்ததா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஓடிவிடலாம் போலிருந்தது. காலோ நகர மறுத்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. இது சந்தோஷப் பாட்டா, சண்டைப் பாட்டா, ஒப்பாரியா? கண்ணில் ஏன் தண்ணீர் வருகிறது? புழுதியாலா? கோயிலில் பாட்டு வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று தெரியும். இங்கே நிற்கிறதா, உட்காருகிறதா, ஆடுகிறதா? எல்லோரும் கையைத் தட்டினார்கள். அவனும் தட்டினான், ஆனால் நேரம் தவறித் தட்டினான். பக்கத்திலிருந்தவன் முறைத்தான்.

வீட்டுக்கு வந்து சோறு பிடிக்கவில்லை. ரோசம்மாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"காத்து கருப்பு இன்னா கண்டுட்ட நைனா? ரேசுல எவனாச்சும் அடிபட்டு உழுந்தானா?"

"ஒண்ணும் இல்லம்மா. பாட்டு கேட்டேன்."

"பாட்டு கேட்டா ஜுரம் வருமா?" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தலையில் எண்ணெய் வைத்து ஜெபம் பண்ணினாள்.

ஜுரம் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த நாலு வருஷம் ஷண்டர்ஸ் எங்கே பாடினாலும் தானியேல் அங்கே இருந்தான். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட் கிளப்பில் கிறிஸ்துமஸ் டான்ஸ் என்றால் உள்ளே விடமாட்டார்கள். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முதல் வருஷம் அப்படி நின்றபோது நெவில் சிகரெட் பிடிக்க வெளியே வந்தான்.

"யாரு மேன் நீ? இங்க இன்னா பண்றே?"

"சோழவரத்துல வைக்கோல் போட்டேன் சார். ஒங்க பாட்டு கேட்டேன்."

"அந்தக் கும்பல்ல கேட்டியா? அங்கேருந்து இவ்ளோ தூரம் வந்தியா?"

"ஆமா சார். ரயிலுதானே."

நெவில் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய், டிரம்ஸ் சாமான் தூக்க ஆள் வந்திருக்கிறான் என்று வாசல்காரரிடம் சொன்னான். அன்று முதல் தானியேல் டிரம்ஸ் தூக்குகிறவன். பெரிய டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் படியேறுகிற அழகைப் பார்க்க வேண்டும், கோயில் தேரில் சாமியை ஏற்றுகிறவன்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக ஏறமாட்டான். சார் என்று கூப்பிடாதே என்று நெவில் எவ்வளவோ சொன்னான். கடைசியில் 'நெவில் சாரு' என்பதில் வந்து நின்றது.

இங்கிலீஷ் தெரியாததால் பாட்டுகளுக்கெல்லாம் தானியேலே பேர் வைத்தான். ஒன்று ரயில் பாட்டு. ஒன்று அழுகைப் பாட்டு. ஒன்று, எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிற இடம் வருகிற கைத்தட்டுப் பாட்டு. அதுதான் ராஜா. அதைப் பாடினால் ஜனம் கூத்தாடும். அர்த்தம் தெரியாமலே முதலிலிருந்து கடைசி வரை தானியேலுக்கு மனப்பாடம். கழனியில் களை பறித்துக்கொண்டே அவன் அதைப் பாட, பக்கத்துப் பாத்தியில் இருந்த பெண்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றிரண்டு கம்பெனிகள் கூரை போட்டிருந்தன. தானியேல் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் மண் சலிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் பரசுராமன் பழக்கமானான். ஆந்திரா எல்லையை ஒட்டின ஆள், வாய் ஜாஸ்தி, கையில் எந்நேரமும் ஒரு டிரான்சிஸ்டர். எழுபத்தொன்றில் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவன் சிலோன் இங்கிலீஷ் ஸ்டேஷனைத் திருப்பினான். கைத்தட்டுப் பாட்டு வந்தது.

தானியேல் கையில் இருந்த சோற்றுருண்டை கையிலேயே நின்றது. ஷண்டர்ஸ் ரேடியோவில் வந்துவிட்டார்கள் என்று முதலில் குதித்தான். நாலு வரி போனதும் முகம் மாறியது. குரல் நெவிலுடையது இல்லை. பாட்டு முடிந்ததும் ஒருத்தன் வந்து இங்கிலீஷில் ஏதோ ஊர்ப்பேர் தெரியாத கோஷ்டியின் பேரைச் சொன்னான்.

"பரசு, இவனுங்க யாரு?"

"சீமைக்காரனுங்க. பெரிய ஆளுங்கப்பா. ஒலகம் பூரா இவுனுங்க பாட்டுதான்."

"இது நம்ப நெவில் சாரு பாட்டு."

பரசுராமனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "பேஜாரு புடிச்சவனே, இவுனுங்க பாடுனதத்தான் ஒங்காளு பாடுறாரு."

"நானு அறுபத்தெட்டுலயே கேட்டேன். இவனுங்க இன்னிக்கித்தானே பாடுறானுங்க?"

"நீ இன்னிக்கித்தான் கேக்குற. அவன் எப்பவோ பாடிட்டான்."

இது தானியேலின் மூளையில் ஏறவில்லை. ஏறாததில் ஆச்சரியமும் இல்லை. அவன் முதலில் எதை எங்கே கேட்டானோ அது அங்கேதான் பிறந்தது. சபையில் பாடுகிற பாமாலைப் பாட்டுகள் எல்லாமே தன் அம்மா கட்டினது என்று பத்து வயசு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். அது ஜெர்மன் தேசத்துப் பாதிரி ஐயர்மார் எழுதினது என்று யேசுபாதம் சொன்னபோது, அவர் அம்மாவின்மேல் பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தான். இப்போதும் அதே கதைதான். பெரம்பூரிலிருந்து துறைமுகம் எவ்வளவு தூரம்? கப்பலில் வந்தவன் எவனோ டான்ஸுக்குப் போயிருக்கிறான், பாட்டைக் கேட்டிருக்கிறான், ஊருக்குப் போய்த் தன் பாட்டு என்று ரெக்கார்டு போட்டுவிட்டான். வேறென்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயிலேறிவிட்டான். ரயில்வே குவார்ட்டர்ஸில் நெவிலின் அம்மா அவனை உட்காரவைத்துக் கேக்கும் டீயும் கொடுத்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு, மூச்சு வாங்க, திருட்டு நடந்த விஷயத்தை தானியேல் சொன்னான்.

நெவில் வாய்விட்டுச் சிரிக்கப் போனான். தானியேலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ எங்க பாட்டு எல்லாம் எங்க சொந்தப் பாட்டுன்னு நெனச்சியா மேன்?"

"பின்ன யாருது?"

நெவில் மடியில் இருந்த கிதாரின் ஒரு கம்பியை இறுக்கினான், தளர்த்தினான், திரும்பவும் இறுக்கினான். "சரி மேன், நான் பாத்துக்கறேன். நீ இத்த யார்கிட்டயும் சொல்லாதே."

ஓகோ, கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள், அதனால்தான் ரகசியம் என்று தானியேல் எடுத்துக்கொண்டான். நெவிலின் காது ஏன் அப்படிச் சிவந்தது என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. அன்றைக்குப் பிறகு நெவில் அவனிடம் கொஞ்சம் வேறு மாதிரிப் பேசினான். அது கூடுதல் பிரியமா, விலகலா என்று பிடிபடவில்லை.

எழுபத்திரண்டில் மறுபடி சோழவரம் ரேஸ். டிரம்மை லாரிமேல் ஏற்றிவிட்டு தானியேல் இறங்கும்போது நெவில் அவனை ஓரமாகக் கூப்பிட்டான். நெவிலின் முகம் அப்படி வெளுத்து அவன் பார்த்ததில்லை.

"கேளு மேன். அதோ அங்க மடக்கு நாற்காலியில கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தரு உக்காந்துகீறாரு பாரு. ரெக்கார்டு கம்பெனி ஆளு. நாங்க பாடறத கேக்க வந்துகீறாரு. அவுருக்குப் புடிச்சா நாங்க இருப்போம். இல்லாட்டி ஷண்டர்ஸ் அவுட்டு."

"அவுட்டுன்னா?"

"மம்மி ஆஸ்திரேலியாவுக்கு பேப்பரெல்லாம் போட்டுட்டாங்க. டிரம்மர் வீட்லயும் போட்டாச்சு. சும்மா இங்க இருந்து இன்னா பண்றதுன்னு கேக்கறாங்க. ரெக்கார்டு வந்தா நான் மாட்டேன்னு சொல்லலாம். அதான்."

ஷண்டர்ஸ் இல்லாமல் போவார்கள் என்று ஒன்று இருக்க முடியும் என்பதையே தானியேல் நினைத்துப் பார்த்ததில்லை. உடனே ஓடினான். காலனிப் பையன்கள், பட்டறை ஆட்கள், பரசுராமன், வைக்கோல் போட வந்தவர்கள் எல்லோரையும் மேடைக்குப் பக்கமாகச் சேர்த்தான். "இன்னிக்கி நம்ப ஆளுங்க பாடுறப்ப சும்மா அதிரணும். தொண்ட கிழிஞ்சாலும் பரவால்ல" என்று சொல்லிவைத்தான். கண்ணாடிக்காரர் மிரண்டுபோய் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவன் திட்டம்.

முதல் இரண்டு பாட்டு அதிர்ந்தது. ரயில் பாட்டுக்குப் புழுதி கிளம்பியது. அப்புறம் நெவில் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் என்னவோ சொன்னான். நிதானமாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி. முன் வரிசையில் நாலைந்து பேர் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

"இன்னா சொல்றாரு பரசு?"

"தேங்க்ஸு சொல்றாரு போல."

டிரம்ஸ் இல்லை. கிதார் மட்டும் மெதுவாக ஆரம்பித்தது. நெவில் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். தானியேல் ஒருதரமும் கேட்டிராத பாட்டு. முதல் வரி போனது, இரண்டாவது வரி போனது. மேலே போகுமென்று நினைத்த இடத்தில் ராகம் கீழே இறங்கியது. ஜனத்துக்குப் பிடிகிடைக்கவில்லை. இது என்ன, ஏன் தாளம் இல்லை? பின்னால் ஒருத்தன் விசில் அடித்தான். யாரோ பூனை மாதிரிக் கத்தினான். பிடுங்கிய வைக்கோல் கற்றை ஒன்று மேடைமேல் வந்து விழுந்தது. கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷண்டர்ஸுடையது இல்லாத ஏதோ ஒரு பாட்டை ஏன் இந்த நேரம் பார்த்து எடுத்தார் நெவில் சாரு? ராகம் தெரியாமல் மரமாக நிற்கிற ஜனம். தனியாக நின்று பாடுகிற ஒரு குரல். இதை அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறான்! இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ரோசம்மாளின் தொண்டை திறந்தது. கைத்தட்டுப் பாட்டை ஓங்கி எடுத்தான்.

காலனிப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பட்டறை பிடித்துக்கொண்டது. இரண்டாவது வரியில் திடல் மொத்தமும் பாடிக் கைதட்டியது. நெவில் கண்ணைத் திறந்து கூட்டத்தில் தேடினான். தானியேலைக் கண்டுபிடித்தான். அந்தப் பார்வையை தானியேல் நன்றி என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கிப் பாடினான். டிரம்ஸ்காரன் முதலில் சேர்ந்தான். மற்ற கிதார்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கடைசியில் நெவிலும் பாடினான். ஷண்டர்ஸின் நாலு வருஷத்தில் அப்படி ஒரு ஆரவாரம் கிடைத்ததில்லை. பாட்டு முடிந்து தானியேல் திரும்பிப் பார்த்தபோது மடக்கு நாற்காலி காலியாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மேடைக்குப் பின்னால் நெவில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தானியேல் முகமெல்லாம் பல்லாகப் போய் நின்றான்.

"இன்னா சொன்னாரு சார் கம்பெனிக்காரரு?"

"போய்ட்டாரு மேன்."

"ஜனம் அப்பிடி அதிர்ந்துச்சே. பாத்துட்டுத்தானே போனாரு?"

"ஜனம் பாடுன அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே ரெக்கார்டு இருக்குது மேன். அதுக்கு நாங்க எதுக்கு?" நெவில் ஒயர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீ அன்னிக்கி ஊட்டுக்கு வந்து சொன்னியே, எங்க பாட்ட திருடிட்டாங்கன்னு. எனக்கு ரொம்ப வெக்கமா பூடுச்சு. திருடறதுக்கு எங்ககிட்ட ஒரு பாட்டு இருந்தாத்தானே? அன்னிக்கே ஒண்ணு கட்ட ஆரம்பிச்சேன். ஒரு வருசம் ஆச்சு. நடுவுல பாடுனேனே, அதான். அது ஒண்ணுதான் எங்களுது. அத்த கேக்கத்தான் அவுரு வந்தாரு."

தானியேல் நின்றான். நெவில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தமிழ்தான், ஒவ்வொன்றும் புரிந்தது, மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் ரயில் பாட்டு? அழுகைப் பாட்டு? நாலு வருஷம் அவன் சுமந்தது யாருடைய டிரம்ஸ்?

"நானு தோள் குடுத்தேன் சார்" என்றான்.

நெவிலுக்கு அது விளங்கியிருக்க வழியில்லை. இருந்தாலும் அவன் தோளில் கையைப் போட்டான். "பரவால்ல மேன். எல்லாரும் பாடுனாங்க இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்தப் பாட்ட இன்னொரு தபா பாடுங்க சார். எனக்கு மட்டும்."

நெவில் கிதார்ப் பெட்டியைப் பார்த்தான். அப்புறம் தலையை ஆட்டினான். "இப்ப வேணாம் மேன். இன்னொரு நாளு."

இன்னொரு நாள் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் தானியேல் பெரம்பூர் போனபோது குவார்ட்டர்ஸ் வாசலில் வேறு யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியா எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பரசுராமன் ஆறுதல் சொன்னான். நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே அந்தக் கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார், நான் பார்த்தேன் என்றான். பட்டறையில் இன்னொருத்தன், இல்லையில்லை, அவர் கைத்தட்டுப் பாட்டுக்கு நின்றுகொண்டு தாளம் போட்டார், அப்புறம்தான் போனார் என்றான். பரசுராமன் இரக்கத்தில் பொய் சொல்கிறானா, மற்றவன் விளையாட்டுக்குச் சொல்கிறானா? தானியேல் இரண்டு பேரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டதில் கடைசியில் இரண்டு பேருக்குமே சந்தேகம் வந்துவிட்டது.

அதைவிட வேதனை வேறொன்று. நெவில் கட்டின அந்தப் பாட்டு அவனுக்கு வரவில்லை. அர்த்தமே தெரியாமல் அத்தனை பாட்டையும் மனப்பாடம் செய்தவனுக்கு இந்த ஒன்றில் இரண்டே வரிதான் ஞாபகம் இருந்தது. அதற்குமேல் கேட்டால்தானே! முணுமுணுத்துக்கொண்டே போவான். முதல் வரி வரும், இரண்டாவது வரி வரும், ராகம் கீழே இறங்குகிற இடம் வரும். அங்கே கால் வழுக்கி நேராகக் கைத்தட்டுப் பாட்டில் போய் விழுவான். எவ்வளவு மெதுவாகப் போனாலும், எவ்வளவு கவனமாகப் போனாலும் அங்கேதான் விழுந்தான். எழுபத்து நாலில் கல்யாணம் ஆனது. கிரேஸ் வந்த புதிதில் ஒரு நாள் கேட்டாள்:

"இன்னாங்க பாட்டு அது? பாதியில வேற பாட்டா மாறிடுது?"

"அது அப்பிடித்தான்" என்றான்.

அடுத்த வருஷம் ரோசம்மாள் காலமானாள். அடக்கத்தன்று யேசுபாதம் தெரிந்த பழைய ராகங்களாகவே எடுத்தார். சபைக்கு இனிமேல் யார் தோள் கொடுப்பது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே அது தானியேல் தலையில் வந்து உட்கார்ந்தது.

எழுபத்தாறில் அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, யேசுபாதம் ஆர்மோனியத்தில் ஒரு புது ராகம் எடுத்தார். வயசாகிவிட்டது, விரல் நடுக்கம். சபை பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு மரமாக நின்றது. முதல் வரி முடிந்ததும் தலைகள் ஒவ்வொன்றாகத் தானியேல் பக்கம் திரும்பின. யேசுபாதமும் கட்டைகளிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

தானியேலின் தொண்டையில் பழைய ராகம் தயாராக நின்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மாட்டேன். இந்தத் தடவை மாட்டேன். ஒரு மனுஷன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த ராகத்தைக் கடைசி வரை பாடட்டும், நான் முழுசாகக் கேட்கிறேன். கிரேஸ் பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். யேசுபாதம் இரண்டாம் சரணத்தில் குரல் பிசிறி, மூன்றாம் சரணத்தில் வார்த்தை விட்டு, நாலாவதை விட்டுவிட்டுப் பெட்டியை மூடினார். பாட்டு நடுவில் அவர் பெட்டியை மூடி யாரும் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் அவர் தானியேலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா என்ன ஒண்டியா உட்டுட்ட?"

"ஒங்க பாட்ட முழுசா கேக்கணும்னுதான் உபதேசியாரே. இத்தினி வருசமா எங்கம்மா ஒங்கள பாடவே உடல. அது தப்புன்னு..."

"தப்பா?" கிழவரின் கண் கலங்கிவிட்டது. "ஒங்கம்மா இருக்கான்ற தைரியத்துலதான்பா நான் புது ராகமே எடுத்தேன். தடுமாறினா புடிக்க ஒரு ஆளு இல்லன்னா எவன் தெரியாத ராகத்துல கால வெப்பான்? இன்னிக்கி ஒன் மூஞ்சிய பாத்தேன். நீ கீழ பாத்துக்கினு நின்ன. எனக்கு அப்பிடியே நட்டாத்துல உட்ட மாதிரி ஆயிடுச்சு."

தானியேலின் மனசு சோழவரத்துக்குப் போனது. அப்படியானால் அன்றைக்கு நெவில் தேடின அந்தப் பார்வை? அதில் இருந்தது என்ன? பிடித்துக்கொள் என்றதா, விட்டுவிடு என்றதா? இவர் பிடிக்கச் சொல்கிறார். நெவில் சாரு விடச் சொல்லியிருப்பார். இல்லை, அவரும் பிடிக்கத்தான் சொன்னாரோ? பார்வையை வைத்து எதைச் சொல்ல முடியும்?

யேசுபாதம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தணிந்து கேட்டார்: "போவட்டும். முழுசா கேட்டேன்ற இல்ல? ராகம் எப்பிடி இருந்துது?"

தலையைக் குனிந்துகொண்டு நின்ற அவ்வளவு நேரமும் தானியேல் யேசுபாதத்தின் ராகத்தைக் கேட்கவே இல்லை. அதற்குள் நெவிலின் பாட்டு எங்காவது வருகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்துதுங்க" என்றான்.

கிழவர் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்தார்.

தானியேல் சைக்கிளை எடுத்தான். கிரேஸ் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்கரை மேட்டில் மிதிக்கும்போது அவனையறியாமல் அந்த இரண்டு வரி வந்தது. முதல் வரி, இரண்டாவது வரி. ராகம் கீழே இறங்குகிற இடம். அங்கே நிறுத்தினான். இன்றைக்கு விழக்கூடாது என்று மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டு, அதற்கடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று தேடினான்.

வண்டி ஆடியது. புருஷன் பாட்டில் எங்கேயோ சிக்கிக்கொண்டு திணறுகிறான் என்று கிரேஸுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கப்புறம் என்ன வரும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்; கல்யாணமான நாள் முதல் கேட்கிறாள். அவன் முதுகில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டு, அர்த்தம் தெரியாத அந்தக் கைத்தட்டுப் பாட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவன் நிறுத்தச் சொல்லவில்லை. சேர்ந்து பாடவும் இல்லை. சைக்கிளை மிதித்தான்.